உப்பும் நீரும் ஒரு பிடி வெல்லமும்: வாந்திபேதிச் சிகிச்சை வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் பெருமக்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு கண்டுபிடிப்பை ஒரு தனிமனிதரின் பெயரோடும் ஓர் ஆண்டோடும் இணைத்துவிட்டால் வரலாறு எழுதியாயிற்று என்னும் மயக்கம் அத்துறையில் இன்றும் நிலவுகிறது. இலக்கிய வரலாறு பயில்வோர்க்கு இம்மயக்கம் புதியதன்று. புலவர் வரிசையும் நூற்பெயர் அட்டவணையுமே இலக்கிய வரலாறு எனக் கருதப்பட்ட காலத்தை நாம் அறிவோம். ஒரு படைப்புத் தோன்றுவதற்கும் பரவுவதற்கும் உரிய சமூக நிலைக்களனை வினவத் தொடங்கிய பின்னரே அத்துறை ஆய்வுத்துறையாயிற்று. அவ்வினாவை மருத்துவ வரலாற்றின் ஒரு சிறு பகுதியிலே எழுப்பிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் எடுத்துக்கொண்ட பகுதி வாந்திபேதிச் சிகிச்சை. உடலின் நீரிலே கரைந்து மின்னேற்றம் பெற்ற துணிக்கைகளாகப் பிரியும் உப்புகளை விஞ்ஞானிகள் மின்பகுபொருள்கள் என்பர். சோடியம், பொற்றாசியம், குளோரைட்டு, இருகாபனேற்று முதலியவை இவற்றுள் அடங்கும். வாந்திபேதி நோயாளியைக் கொல்வது கிருமி நேரடியாகச் செய்யும் அழிவன்று. இவ்வுப்புகளும் நீரும் உடலைவிட்டு வெளியேறுவதே. இழந்ததை மீள அளித்தால் நோயாளி பிழைப்பார் என்பது 1832ஆம் ஆண்டிலேயே செய்து காட்டப்பட்டது. ஆயினும் உப்பும் இனிப்பும் நீரும் கலந்த பானத்தை வாய்வழி ஊட்டிப் பெருந்தொகையான ஏழை மக்களின் உயிரைக் காக்கலாம் என்பது நிலைநாட்டப்பட்டது 1971ஆம் ஆண்டிலேதான். இடையிலே 139 ஆண்டுகள் கழிந்தன. அடுப்படியில் உள்ள மூன்று பொருள்களை ஒன்றுசேர்க்க மனித குலத்துக்கு இத்துணைக் காலம் ஏன் தேவைப்பட்டது? இதுவே நம்முன் உள்ள வினா.

2

கங்கைக் கழிமுகத்திலே நெடுங்காலமாக இருந்துவந்த வாந்திபேதி 1817ஆம் ஆண்டு யசோர்ப் பகுதியில் பெருங்கொள்ளைநோயாக வெடித்தது. கம்பனிப் படைகளும் வணிகக் கப்பல்களும் சென்ற வழியெல்லாம் அந்நோயும் சென்றது. அடுத்த ஆண்டில் இலங்கையை அடைந்தது. பின்னர் உருசியாவினூடாக மேற்கே பரவி, 1831ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் இங்கிலாந்தின் சண்டர்லண்ட் துறைமுகத்தை எட்டியது. உலகச் சந்தை உருவானமையும் உலகக் கொள்ளைநோய் உருவானமையும் ஒரே வரலாற்று இயக்கத்தின் இரு முகங்கள் எனலாம்.

எடின்பரோவில் மருத்துவம் பயின்ற வில்லியம் புறூக் ஓஷானசி என்னும் இருபத்திரண்டு வயது ஐரிஷ் இளைஞர் வட இங்கிலாந்து சென்று நோயாளரின் குருதியைப் பகுப்பாய்வு செய்தார். குருதி தனது நீரின் பெரும்பகுதியையும், உப்புகளையும், காரத்தன்மையையும் இழந்துவிட்டது என்பது அவர் கண்ட முடிவு. இழந்தவற்றை நாளத்தினூடே செலுத்தலாம் என்றும் அவர் கருத்துத் தெரிவித்தார். 1832ஆம் ஆண்டு மே மாதத்தில் லீத் நகர வைத்தியரான தோமஸ் லற்றா இதனைச் செயற்படுத்தினார். நாடித்துடிப்பு அடங்கிச் சாகும் தறுவாயில் இருந்த ஒரு மூதாட்டியின் நாளத்திலே உப்பு நீரைச் சிறிது சிறிதாகச் செலுத்தினார். ஏறத்தாழ ஆறு பைந்து நீர் உட்சென்றதும் குழிவிழுந்த கண்கள் ஒளிபெற்றன, உடல் வெம்மை பெற்றது, நாடி திரும்பியது. வேதனை நீங்கிவிட்டதாக அவ்வம்மையார் கூறினார். வைத்தியர் ஓய்வெடுக்கச் சென்றதும் வாந்தியும் பேதியும் மீண்டன. மறுமுறை நீர் செலுத்தப்படவில்லை. சில மணி நேரத்தில் அவர் இறந்தார்.

இந்நிகழ்ச்சி நம் சிந்தனைக்குரியது. செய்முறை வென்றது, ஆனால் அதன் பொருள் விளங்கவில்லை. வெளியேறும் நீருக்கு ஈடாக இடைவிடாது நீர் செல்லவேண்டும் என்னும் விதி அறியப்படாதிருந்தது. நுண்ணுயிர் நீக்கம் அறியப்படாத அக்காலத்தில் நாளத்தினுட் செலுத்தப்பட்ட நீரே நஞ்சாவதும் உண்டு. குருதி வடித்தலையும் இரசமருந்தையும் நம்பிய வைத்தியத் தலைமை இம்முறையைக் கைவிட்டது. லற்றா 1833இல் இறந்தார். ஓஷானசி அதே ஆண்டில் கம்பனியின் சேவையில் கல்கத்தா சென்றார். வாந்திபேதியின் தாயகத்துக்கே சென்றவர் அங்கு அந்த ஆய்வைத் தொடரவில்லை. பிற்காலத்தில் இந்தியத் தந்தி அமைப்பை நிறுவியமைக்காகவே சேர் பட்டம் பெற்றார். வாந்திபேதியில் மடியும் வங்காளக் குடியானவனைவிடச் செய்தியை விரைந்து கடத்தும் கம்பியே ஆட்சிக்கு வேண்டியதாயிருந்தது.

ஒன்றை இங்கு வற்புறுத்துதல் வேண்டும். இத்தாமதம் முழுவதையும் ஆளும் வர்க்கத்தின் அசட்டையால் விளக்கிவிடுதல் எளிது. ஆனால் அது கொச்சையான பொருள்முதல்வாதம் ஆகும். அறிவுத்துறைக்கும் அதற்கேயுரிய வளர்ச்சி விதிகள் உண்டு. லற்றா உப்பு நீரைச் செலுத்தியபோது 'மின்பகுபொருள்', 'அயன்' என்னும் கருத்துகளே பிறந்திருக்கவில்லை. அச்சொற்களை மைக்கேல் பரடே வழங்கியது 1834இலேயாம். கரைந்த உப்பு நீரிலே தானாகவே அயன்களாகப் பிரிகிறது என்பதை அறீனியஸ் 1884இலேயே முன்வைத்தார். அதற்குச் சற்று முன்னர் இலண்டனில் சிட்னி றிங்கர், தவளையின் இதயம் குழாய்நீரிற் செய்த கரைசலில் துடிப்பதையும் காய்ச்சிவடித்த நீரிற் செய்த கரைசலில் ஓய்ந்துவிடுவதையும் கண்டு, குழாய்நீரில் இருந்த கல்சியமே வேறுபாட்டுக்குக் காரணம் எனத் தெளிந்தார். உயிர் என்பது உப்புகளின் குறித்த விகிதத்திலும் தங்கியுள்ளது என்னும் உண்மை இவ்வாறு படிப்படியாகவே துலங்கிற்று.

3

இன்று நாம் அறிவது வருமாறு. வளர்ந்த மனிதனின் உடல் நிறையில் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பங்கு நீராகும். அந்நீரில் கலங்களுக்கு வெளியே சோடியமும் உள்ளே பொற்றாசியமும் மிகுந்திருக்கும். குருதித் திரவத்தின் ஓர் இலீற்றரில் சோடியம் 135 முதல் 145 மில்லிமூல் வரையும், பொற்றாசியம் 3.5 முதல் 5 வரையும் இருப்பது நலநிலை. இவ்வேறுபாடு தானாக நிலைப்பதன்று. கல மென்சவ்விலுள்ள ஒரு 'பம்பி' இடையறாது சோடியத்தை வெளியேற்றிப் பொற்றாசியத்தை உள்ளிழுக்கிறது. நரம்பின் செய்தியும், தசையின் சுருக்கமும், இதயத்தின் துடிப்பும் இவ்வேறுபாட்டையே ஆதாரமாகக் கொண்டவை. நீர் உப்பைத் தொடர்ந்து செல்லும். உப்பு எங்கே செல்கிறதோ அங்கே நீரும் செல்லும்.

கல்கத்தாவைச் சேர்ந்த சம்புநாத் டே 1959ஆம் ஆண்டு வாந்திபேதிக் கிருமி வெளியிடும் நஞ்சை இனங்காட்டினார். அந்நஞ்சு சிறுகுடலின் கலங்களைத் தூண்டிக் குளோரைட்டை வெளியேற்றுகிறது. சோடியமும் நீரும் அதனைப் பின்தொடர்கின்றன. கடுநோயுற்ற ஒருவர் மணிக்கு ஓர் இலீற்றர் அளவுகூட இழக்கலாம். குருதி தடிக்கிறது, அழுத்தம் வீழ்கிறது, காரம் குறைந்து அமிலம் மிகுகிறது, சிறுநீர் நிற்கிறது. சில மணி நேரத்தில் மரணம் நேரலாம். ஆயின் குடற்சுவர் அழிவதில்லை என்பதே இதில் நம்பிக்கை தரும் செய்தியாகும். 1960ஆம் ஆண்டு பிராக் நகரில் நடைபெற்ற கருத்தரங்கிலே றொபேட் கிறேன், குடற்கலம் குளுக்கோசை உள்ளெடுக்கும்போது சோடியத்தையும் உடன் எடுத்துச்செல்கிறது என்னும் கருதுகோளை முன்வைத்தார். வெறும் உப்புநீரை அருந்தினால் பேதியே மிகும். இனிப்பும் சேர்ந்தால் உப்பு உட்செல்லும், நீரும் உட்செல்லும். நஞ்சு ஒரு வாயிலைத் திறந்துவிட்ட போதிலும் இந்த மற்றை வாயில் அடைபடுவதில்லை.

4

கோட்பாட்டின் வளர்ச்சியை இவ்வாறு ஏற்றுக்கொண்ட பின்னரும் வினா முழுமையாகத் தீரவில்லை. ஏனெனில் கிறேனின் கருதுகோளுக்கு ஏழு ஆண்டுகள் முன்னரே, 1953இல், கல்கத்தா வைத்தியரான ஹேமேந்திரநாத் சட்டர்ஜி 186 நோயாளருக்கு உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழி கொடுத்துக் கண்ட பயனை இலண்டன் லான்செற் ஏட்டில் வெளியிட்டிருந்தார். ஒப்பீட்டுக் குழுவோ விரிவான அளவீடோ இன்மையால் அது போதிய சான்றாகாது எனலாம். ஆனால் அதனை மீளச் சோதித்துப் பார்க்கவும் எவரும் முனைந்திலர். மையத்திலிருந்து விளிம்புக்கே அறிவு பாயும் என்னும் நம்பிக்கை, விளிம்பிலிருந்து வந்த குரலைச் செவிமடுக்கவில்லை.

அதைவிட வலிமையான தடை ஊசியாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லெனாட் றொஜர்ஸ் செறிவுமிக்க உப்புக் கரைசலை நாளத்தினூடே செலுத்தி இறப்பைப் பெரிதும் குறைத்தார். அது உண்மையான முன்னேற்றமே. ஆனால் அதற்குக் காய்ச்சிவடித்த நீர், போத்தல், குழாய், ஊசி, பயின்ற கை, ஆசுபத்திரிக் கட்டில் ஆகிய யாவும் வேண்டும். நகரத்து ஆசுபத்திரியை எட்டியவர்க்கே உயிர். எட்டாத கிராமத்தவர்க்கு மரணம். சிகிச்சையின் உயர்வு அதன் அருமையினாலே மதிப்பிடப்பட்டது. வாயால் அருந்தும் பானம், ஊசி இல்லாதவிடத்துக் கைக்கொள்ளும் தாழ்ந்த மாற்று என்றே பயிற்சிபெற்ற வைத்தியர்க்குத் தோன்றிற்று. தொழில்சார் குழுவொன்று தன் அறிவின் மீது கொண்டுள்ள உரித்தையும், அவ்வுரித்து அறிவுத் தெரிவுகளையே பாதிப்பதையும் இங்குக் காண்கிறோம்.

முரண்பாடு இத்தோடு நிற்கவில்லை. 1960ஆம் ஆண்டு டாக்காவில் நிறுவப்பட்ட வாந்திபேதி ஆய்வுகூடம், சீற்றோ என்னும் இராணுவ ஒப்பந்த அமைப்பின் பெயரைத் தாங்கியது. ஆசியாவில் நிலைகொள்ளும் அமெரிக்கப் படையினரின் நலனும் பனிப்போரின் அரசியலும் அதன் தோற்றத்தில் பங்குகொண்டன. அதன் தொடக்ககால நெறியாளருள் ஒருவரான றொபேட் பிலிப்ஸ் அமெரிக்கக் கடற்படை வைத்தியர். 1960களின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸில் அவர் குளுக்கோசு கலந்த பானத்தைச் சோதித்தபோது உப்பின் அளவு பிழைத்துச் சில நோயாளர் இறந்தனர். அதனால் முயற்சி பின்தங்கிற்று. விகிதம் இங்கே வெறும் நுட்பமன்று, உயிரைப் பற்றிய விடயம் என்பதற்கு இது சான்று. 1968ஆம் ஆண்டு டாக்கா ஆய்வுகூடத்தில் முப்பது வயதை எட்டாத டேவிட் நலினும் றிச்சட் காஷும், றபிக்குல் இஸ்லாம், மஜீத் மொல்லா ஆகிய வங்காள வைத்தியரோடு சேர்ந்து, வெளியேறும் நீரை அளந்து அதே அளவுக்குப் பானத்தை அருந்தச் செய்தனர். நாளவழி நீரின் தேவை நூற்றுக்கு எண்பது பங்கு குறைந்தது. கல்கத்தாவில் இயங்கிய குழுவினரும் இதே காலத்தில் இதே முடிவை எட்டினர். படைநலன் கருதித் தோன்றிய நிறுவனம், படைக்கு அன்றி ஏழைக்குப் பயன்படும் பொருளை ஈன்றது. நிறுவனத்தின் நோக்கமும் அதன் விளைவும் ஒன்றேயாதல் வேண்டும் என்னும் நியதி இல்லை.

5

ஆய்வுகூடத்தில் நிறுவப்பட்டது சமூக உண்மையாவதற்கு வரலாற்றின் பேரிடியொன்று வேண்டியிருந்தது. 1971இல் பாகிஸ்தான் இராணுவத்தின் கொடுமைக்கு அஞ்சிக் கிழக்கு வங்காளத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்தியாவுக்குள் புகுந்தனர். எல்லையோர நகரான பொன்காவின் ஆசுபத்திரியிலே நோயாளர் தரையெங்கும் கிடந்தனர். நாளவழி நீர் கையிருப்பில் தீர்ந்துகொண்டிருந்தது. வைத்தியர் திலீப் மகலனாபிஸ், ஓர் இலீற்றர் நீருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் சாதாரண உப்பு, 2.5 கிராம் அப்பச்சோடா என்னும் கலவையைக் கல்கத்தாவில் பொதிசெய்வித்து, பெரிய பீப்பாக்களிலே கரைத்து வைத்தார். நோயாளரின் தாயும் தமையனும் தங்கையுமே கோப்பையில் வாங்கி ஊட்டினர். தேர்ச்சி பெற்ற தாதியர் போதாமையால் நேர்ந்த இத்தேவையே முறையின் சாரமாக மாறிற்று. முகாம்களில் நூற்றுக்கு முப்பதளவில் இருந்த இறப்பு, அங்கே சிகிச்சை பெற்ற ஏறத்தாழ 3,700 பேரிடையே நூற்றுக்கு 3.6 ஆகக் குறைந்தது.

பொன்காவில் நிகழ்ந்தது புதிய பொருளின் கண்டுபிடிப்பன்று. சிகிச்சையின் உறவுகள் அங்கு மாறின என்பதே முதன்மையானது. அறிந்தவர் செய்ய அறியாதவர் ஏற்பது என்னும் பிரிவினை, நெருக்கடியின் அழுத்தத்தால் உடைந்தது. ஊசி இருந்திருப்பின் அந்த உடைப்பு நிகழ்ந்திராது. 1978ஆம் ஆண்டு லான்செற் ஏடு, சோடியமும் குளுக்கோசும் இணைந்து உறிஞ்சப்படும் உண்மையை அந்நூற்றாண்டின் தலையாய மருத்துவ முன்னேற்றமாகக் கருதத்தகும் என ஆசிரியத் தலையங்கத்தில் எழுதிற்று. நிறுவனங்களின் ஏற்பு நடைமுறைக்குப் பின்னரே வந்தது.

6

விடுதலை பெற்ற வங்காளதேசத்தில் இவ்வரலாறு மேலும் ஒரு படி சென்றது. பிறாக் என்னும் அமைப்பு 1979இல் சுல்லாப் பகுதியில் முன்னோடி முயற்சியொன்றைச் செய்து, 1980 முதல் 1990 வரை நாடெங்கும் ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் பெண் பணியாளரை அனுப்பியது. குளுக்கோசுக்குப் பதிலாக வெல்லம். தராசுக்குப் பதிலாகக் கை. மூன்று விரலாற் கிள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் நீர். வங்காளத்தில் இது 'லொபொன்-குர்', அதாவது உப்பு வெல்லம், என வழங்கிற்று. வெல்லத்திலே பொற்றாசியமும் ஓரளவு உண்டு.

இலக்கிய மாணவர் இங்கு ஒன்றைக் கவனித்தல் தகும். எழுத்தறியாத தாய்மார்க்குச் செய்தி சில எண்ணிய வசனங்களாக்கப்பட்டு மனனஞ் செய்விக்கப்பட்டது. வாய்மொழி மரபுக்கு இயல்பான எண்ணலும் மீளக்கூறலும் இங்கு விஞ்ஞானத்தின் கருவிகளாயின. ஒரு மாதங் கழித்து வேறொருவர் சென்று, பத்திலொரு வீட்டில், தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார், கலவையைச் சரியாகச் செய்கிறாரா எனச் சோதித்தார். அச்சோதனையின் பெறுபேற்றுக்கு ஏற்பவே பணியாளரின் ஊதியம் கணிக்கப்பட்டது. முதலாளித்துவத்தின் வேலையளவுக் கூலிமுறை இங்கே மாணவரின் தேர்ச்சிக்காக ஆசிரியருக்குக் கூலி தரும் முறையாகத் திரிந்துள்ளமை ஆராயத்தக்கது.

ஆயினும் கற்றவர் யாவரும் செய்திலர். தொடக்கத்தில், தாய்மார் கலவையைச் சரியாக அறிந்திருந்தும், வயிற்றோட்டம் கண்டபோது அதனைக் கொடுத்தோர் மிகச் சிலரே. காரணத்தை ஆராய்ந்தபோது, கற்பித்த பணியாளருட் பலரே தம் வயிற்றோட்டத்துக்கு அதனைப் பயன்படுத்துவதில்லை என்பதும், வீட்டு ஆடவரிடம் எதுவும் விளக்கப்படாமையால் அவர்கள் ஐயுற்றனர் என்பதும் தெரியவந்தன. அதன்பின்னர் பணியாளர்க்கு 'ஏன்' என்பதும் கற்பிக்கப்பட்டது. சந்தையிலும் பள்ளிவாசலிலும் ஆடவரோடு உரையாடினர். மனனம் அறிவாகாது என்பதும், குடும்பத்தின் அதிகார அமைப்பைக் கணக்கிலெடாத எந்தக் கல்வியும் தாயின் கையிலேயே நின்றுவிடும் என்பதும் இதனாற் பெறப்படும்.

7

இதே கோட்பாட்டின் மற்றொரு வரலாறும் உண்டு. 1965ஆம் ஆண்டு புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் றொபேட் கேட் குழுவினர் காற்பந்தாட்ட வீரரின் வியர்வை இழப்பை ஈடுசெய்ய உப்பும் சீனியும் கலந்த பானமொன்றை ஆக்கினர். கேற்றறேட் என்னும் பெயரால் அது பண்டமாயிற்று. கைமாறி 2001இல் பெப்சி நிறுவனத்தை அடைந்தது. பயன்மதிப்பு ஒன்றேயாயினும் பரிமாற்றமதிப்பு இரண்டையும் வேறு உலகங்களில் வைத்தது. ஓரிடத்தில் ஆதாயம் தரும் பானம். மற்றோரிடத்தில் ஆதாயம் தராமையாலேயே புறக்கணிக்கப்படும் மருந்து.

ஏழையின் உப்பும் ஆதாயத்துக்குரியதாய் இருந்த காலம் உண்டு. வங்காளத்தின் உப்பை 1772இல் கம்பனி தன் ஆணையின்கீழ்க் கொணர்ந்தது. உப்பின்றி உடல் இயங்காது. ஆகவே எத்துணை வறியவனும் அதனை வாங்கியே தீரவேண்டும். உடற்றொழிலின் இந்த நியதியே உப்பு வரியின் உறுதியான அத்திவாரம். 1930இல் அவ்வரிக்கெதிராக எழுந்த மக்கள் இயக்கத்தின் வலிமைக்கும் அந்த நியதியே காரணம்.

நம் நாட்டுக்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. கோப்பித் தோட்டக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கி வன்னிக் காட்டினூடே நடத்திச் செல்லப்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர் வாந்திபேதியால் வழியிலேயே மடிந்தனர். லற்றாவின் செய்முறை அச்சேறி ஆண்டுகள் பல சென்ற பின்னரும் அவர்கள் மடிந்தனர். இன்று 'ஜீவனி' என்னும் பெயரிலே அதே உப்பும் இனிப்பும் நம் இல்லங்கள்தோறும் அறிமுகமாயுள்ளன. அப்பொதியைக் கரைக்கும் கை அந்த நெடுவழியை நினைப்பதில்லை.

8

இறுதியாக ஒரு மதிப்பீடு. உலக சுகாதார நிறுவனம் கலவையின் விகிதத்தைத் திருத்தி வந்துள்ளது. 2002ஆம் ஆண்டின் திருத்தத்தில் ஓர் இலீற்றருக்கு உப்பு 2.6 கிராமாகவும் குளுக்கோசு 13.5 கிராமாகவும் குறைக்கப்பட்டன. 1980களின் தொடக்கத்தில் ஆண்டொன்றுக்கு நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட இளஞ்சிறார் வயிற்றோட்டத்தால் இறந்தனர் என மதிப்பிடப்பட்டது. இன்று அத்தொகை ஏறத்தாழ அதன் பத்திலொரு பங்கு. இவ்வீழ்ச்சியில் இப்பானத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அதனை மறுப்பது நேர்மையாகாது.

எனினும் இப்பானம் நோயை மீட்கிறதே தவிர நோயின் மூலத்தைத் தொடுவதில்லை. 1978ஆம் ஆண்டு அல்மா ஆற்றா மாநாடு, தூய நீரையும் உணவையும் சமூகநீதியையும் சுகாதாரத்தின் அடித்தளமாக வைத்தது. அடுத்த ஆண்டிலேயே, செலவு குறைந்த சில தொழில்நுட்பங்களைத் தேர்ந்து வழங்கினாற் போதும் என்னும் எதிர்வாதம் எழுந்தது. உப்புப் பொதி அவ்வாதத்தின் சின்னமாயிற்று. டேவிட் வேணரும் டேவிட் சாண்டர்சும் 1997இல் எழுதிய விமரிசன நூல், வீட்டுக் கஞ்சியும் உப்பும் செய்யக்கூடியதைப் பொதியாக்கிச் சந்தைப்படுத்தியமை மக்களின் தற்சார்பைக் குலைத்தது எனச் சுட்டிற்று. அவ்விமரிசனத்தின் சாரத்தை நாம் ஏற்கிறோம். ஆனால் குழாய்நீர் வரும்வரை குழந்தை காத்திராது என்பதையும் மறத்தலாகாது. உடனடி நிவாரணத்தையும் அடிப்படை மாற்றத்தையும் எதிரெதிராக நிறுத்துவது போலி முரண்பாடாகும். ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்கும் அரசியலே எதிர்க்கப்படவேண்டியது.

2010இல் ஹெயிற்றியிலும், 2016ஆம் ஆண்டின் பின்னர் யேமனிலும் வாந்திபேதி மீண்டும் பேருருக் கொண்டது. இரண்டிடத்தும் கலவையின் விகிதம் அறியப்பட்டிருந்தது. குலைந்தவை நீர் விநியோகமும், கழிவகற்றலும், அமைதியுமே. 1832இல் அறிவு போதாமல் மக்கள் இறந்தனர். இன்று அறிவு போதியதாக இருந்தும் இறக்கின்றனர். இவ்விரு மரணங்களையும் ஒன்றெனக் கொள்ளும் வரலாறு பயனற்றது. அவற்றுக்கிடையேயான வேறுபாட்டை எடுத்துக்காட்டுவதே முற்போக்கான மருத்துவ வரலாற்றின் பணியாகும்; தமிழில் அத்தகைய ஆய்வுகள் பெருகுதல் வேண்டும்.